பரங்கி என்று அழைக்கப்பட்ட நம்மவர்: புனித அருளானந்தர்

பிப்ரவரி 4ஆம் நாள் புனித அருளானந்தரின் திருவிழா. இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் திருத்தலத்தைத் தேடிச் செல்வோரில் கத்தோலிக்கர் மட்டுமல்ல, இந்து சமயத்தைச் சேர்ந்த அன்பர்களும் ஏராளம். அவருடைய இரத்தம் பட்டுச் சிவந்தது என்று மக்கள் நம்பும் அந்தச் செம்மண்ணைத் துணியில் முடிந்து வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். அருள், ஆனந்தன், அருளானந்து, பிரிட்டோ என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். அவரை யாரும் அந்நியராக நினைப்பதில்லை. ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில் இந்த மண்ணில் ஓர் ஐரோப்பியக் குருவைக் குறிக்க இருந்த சொல் வேறு. அது 'பரங்கி' என்ற சொல். அந்தச் சொல்லுக்கும் இந்தப் புனிதருக்கும் இடையே நடந்த நீண்ட போராட்டத்தை இந்த நாளில் நாம் சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஒரு மனிதர் பிறப்பால் யார்? இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஒரு விடை உண்டு. ஓர் ஊரில் உயர்ந்தவர் எனப்படுபவர் அடுத்த ஊரில் தீண்டத்தகாதவர் ஆகிறார். அருளானந்தரின் வாழ்வு இதற்கு நம் கண்முன் உள்ள சான்று.

லிஸ்பன் நகரில்

ஜான் தெ பிரிட்டோ 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகர் லிஸ்பனில் பிறந்தார். உயர்குடிக் குடும்பம். தந்தை சல்வதோர் தெ பிரிட்டோ பெரெய்ரா போர்த்துக்கல் மன்னரால் பிரேசில் நாட்டு ரியோ தெ ஜெனிரோவுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். அப்போது ஜான் சிறு குழந்தை. தாய் அவரை வளர்த்தார். சிறுவயதிலேயே அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராகச் சேர்க்கப்பட்டார். கடும் நோய் ஒன்று வந்தபோது, மகன் பிழைத்தால் ஓராண்டு இயேசு சபையாரின் அங்கியை உடுத்தச் செய்வதாகத் தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தார். ஓராண்டுக்கென்று அணிந்த அங்கி அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. 1662 டிசம்பரில், தமது 15ஆம் வயதில், இயேசு சபையில் சேர்ந்தார்.

1673 மார்ச் மாதம் கப்பலேறினார். தடுத்து நிறுத்தத் தாய் எவ்வளவோ முயன்றார். அதே ஆண்டு செப்டம்பரில் கோவா வந்தடைந்தார். அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணித்தளத்திற்கு வந்து சேர்ந்தார்.

லிஸ்பனில் அவருக்கு இருந்த அடையாளம் தெளிவானது: உயர்குடியினர், அரச குடும்பத்தின் நண்பர். கோவாவிலும் அதே அடையாளம் நீடித்தது. ஆனால் மலைத்தொடரைக் கடந்து தமிழகத்தின் உள்நாட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் அது முற்றிலும் மாறியது.

பரங்கி என்றால் என்ன?

'பரங்கி' தமிழில் தோன்றிய சொல் அல்ல. ஐரோப்பாவில் 'பிராங்கு' என்றோர் இனத்தார் இருந்தனர். சிலுவைப் போர்க் காலத்தில் அரபு மக்கள் மேற்கு ஐரோப்பியர் அனைவரையும் அந்த ஒரே பெயரால் அழைத்தார்கள். அது அரபியிலும் பாரசீகத்திலும் 'பிரங்கி', 'பரங்கி' எனத் திரிந்து கடல் வணிகர் வழியாக நம் கரைக்கு வந்தது. பரங்கிப்பேட்டை, பரங்கிமலை என்று ஊர்ப்பெயராயிற்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய் பரங்கிக்காய் ஆயிற்று.

போர்த்துக்கீசியர் அதைத் தங்கள் நாட்டாரைக் குறிக்கும் வெறும் பெயர் என்றே எண்ணினார்கள். தமிழர் காதில் அது அப்படி ஒலிக்கவில்லை. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், குளித்துத் தூய்மை பேணாதவர், தாழ்த்தப்பட்டோருடன் கலந்து பழகுபவர் என்றெல்லாம் அச்சொல்லுக்குப் பொருள் ஏறியிருந்தது. நம் நாட்டார் அதை ஒரு சாதியாகவே கருதினார்கள். சாதிகளின் அடுக்கில் எங்கோ கீழே அதற்கோர் இடமும் ஒதுக்கியிருந்தார்கள். திருமுழுக்குப் பெற வந்தவரிடம், பரங்கிக் குலத்தில் சேர உனக்கு விருப்பமா என்று கேட்கும் வழக்கம்கூட இருந்தது. கிறிஸ்துவை ஏற்பது என்றால் சாதி மாறுவது என்று மக்கள் புரிந்துகொண்டதில் வியப்பில்லை.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் இராபர்ட் தெ நொபிலி இந்த முடிச்சைக் கண்டுகொண்டார். தாம் பரங்கி அல்லர், உரோமையின் உயர்குடிப் பிறப்பினர் என்று அறிவித்துத் துறவிகளின் காவி உடையையும் மரக்கறி உணவையும் மேற்கொண்டார். ஐரோப்பியர் சிலர் இதைத் துரோகம் என்றார்கள். வழக்கு உரோமை வரை சென்றது. 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி நொபிலியின் முறைக்கு இசைவளித்தார். ஆனால் பிராமணத் துறவியைப் போல் வாழ்ந்தவரால் தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக இயலவில்லை. ஆகவே 1640 அளவில் 'பண்டாரசுவாமி' என்ற இன்னொரு முறை உருவாயிற்று. பண்டாரங்கள் பிராமணர் அல்லாத துறவிகள். எல்லாச் சாதியாரிடமும் சென்று வர அவர்களுக்கு வழி இருந்தது.

ஜான் தெ பிரிட்டோ தேர்ந்துகொண்டது இந்த வழியை. காவி உடுத்து, தலைப்பாகை கட்டி, கோல் ஊன்றி நடந்தார். இறைச்சி, மீன், மது எதையும் தொடவில்லை. தரையில் படுத்துறங்கினார். அருளானந்தர் என்ற பெயரையும் ஏற்றார்.

மறவர் சீமையில்

அந்நாளில் மறவர் சீமை என்பது சேதுபதி மன்னர்களின் நாடு. இன்றைய இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகள் அதன் நடு. திருச்சுழியும் அதனோடு சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. திருமலை நாயக்கரின் ஆட்சியில் மைசூர்ப் படை புகுந்து, பிடித்தவர்களின் மூக்கை அறுத்த கொடும் போர் நடந்தது. அதில் உதவிக்கு வந்து மதுரையைக் காத்த இரகுநாத சேதுபதிக்கு நாயக்கர் திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடம் ஆகிய ஊர்களைப் பரிசாக வழங்கினார். குண்டாற்றங்கரையின் இந்த வறண்ட பூமியும் வைகைக்கு அப்பால் ஓரியூர் வரை நீளும் காய்ந்த சமவெளியும் ஒரே மன்னரின் ஆட்சியில் இருந்தன. மழை பெய்தால் கண்மாய் நிறையும், பெய்யாவிட்டால் கம்பும் சோளமும்கூடக் கைவிடும் சீமை அது.

1685இல் மதுரை மறைப்பணித்தளத்தின் தலைவரானார் அருளானந்தர். மறுஆண்டு மே மாதம் மறவர் சீமைக்குள் நுழைந்தார். சில மாதங்களுக்குள் 2,000க்கும் மேற்பட்டோர் திருமுழுக்குப் பெற்றனர். ஜூலை மாதம் மங்கலம் என்னும் ஊருக்கு அருகில் உபதேசியார்களோடு பிடிபட்டார். கடுமையாக வதைக்கப்பட்டார்கள். வரலாறு அவரைப் பற்றியே பேசினாலும், உடன் அடிபட்ட அந்த உபதேசியார்கள் நம் ஊர்த் தமிழர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. இறுதியில் கிழவன் சேதுபதி அவரை விசாரித்து, இந்நாட்டில் இனிப் போதிக்கக்கூடாது என்ற கட்டளையோடு விடுவித்தார்.

சொந்த ஊரில் அந்நியர்

1687இல் மறைப்பணியின் தேவைகளை எடுத்துரைக்க அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். லிஸ்பனில் அவருடைய பழைய தோழர் பேதுரு இப்போது மன்னர். தம் அருகிலேயே தங்கும்படி அவரை வற்புறுத்தினார். தாயும் உயிரோடிருந்தார். ஆனால் வந்தவர் போன மனிதராக இல்லை. அரண்மனைக்கு வந்த பின்னும் தமிழகத்து உணவு முறையை அவர் விடவில்லை என்றும், வெறுந்தரையிலேயே உறங்கினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். மதுரைச் சீமையில் எத்தனை காவி உடுத்தினாலும், பரங்கியோ என்ற ஐயம் அவரைத் தொடர்ந்தது. லிஸ்பனில் எத்தனை பழைய நண்பர்கள் இருந்தாலும், இவர் இந்தியராகிவிட்டாரே என்ற வியப்பு அவரைத் தொடர்ந்தது. இரத்தம் ஒன்று, முகம் ஒன்று, பெயர் மட்டும் இரண்டு. எது உண்மை? எந்த ஊர் கேட்கிறதோ அந்த ஊரைப் பொறுத்தது அது. அவர் தம் விடையைக் காலால் சொன்னார். 1690இல் மீண்டும் இந்தியா வந்தார். 1691இல் தடைசெய்யப்பட்ட மறவர் சீமைக்கே திரும்பினார்.

சிறுவல்லியின் தலைவர் தடியத்தேவர் நோயுற்றிருந்தார். கிறிஸ்தவச் செபத்தால் நலமடைந்ததாக நம்பிய அவர் திருமுழுக்குக் கேட்டார். சேதுபதி பட்டத்துக்கு உரிமை கொண்டாடக்கூடிய குடும்பத்தவர் அவர். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்று அருளானந்தர் கூறினார். தேவர் இசைந்து, 1693 ஜனவரி 6ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களுள் இளையவர் சேதுபதியின் உறவுப் பெண். வாழ்வை இழந்த அவர் அரண்மனையில் முறையிட்டதில் அவர் பக்கத்து வேதனையும் உண்டு. அரசியல் அச்சமும் சேர்ந்துகொண்டது. ஜனவரி 8ஆம் நாள் அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்தில் வெளிப்படையாகக் கொல்வது கலகத்துக்கு வழியாகும் என்று கருதி, மன்னரின் சகோதரர் உடையத்தேவரின் பொறுப்பிலிருந்த ஓரியூருக்கு அவரை அனுப்பினார்கள். 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். அன்று அங்கே அவர் தலை துண்டிக்கப்பட்டது. அவருக்கு வயது 45.

1853இல் திருத்தந்தை 9ஆம் பயஸ் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். 1947 ஜூன் 22ஆம் நாள், இந்தியா விடுதலை பெறுவதற்கு ஏறத்தாழ எட்டு வாரங்களுக்கு முன், திருத்தந்தை 12ஆம் பயஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1970இல் மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில் தொடங்கிய கல்லூரிக்கு அருளானந்தர் என்ற அவருடைய தமிழ்ப் பெயரே சூட்டப்பட்டது.

கடலுக்கு அப்பால் இதே கேள்வி

பிறப்பைப் பற்றிய இந்தக் குழப்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதா? அருளானந்தரின் தந்தை இறந்த பிரேசிலையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டோ என்பது அங்கே இன்றும் சாதாரணமான ஒரு குடும்பப்பெயர். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மனிதரை நிறத்தைக் கொண்டே கேட்கிறது: வெள்ளை, கறுப்பு, கலப்பு நிறம், மஞ்சள், பழங்குடி. 2022 கணக்கெடுப்பில் கலப்பு நிறத்தவர் என்று சொன்னவர்கள் 45.3 விழுக்காடு. அவர்களே மிகப் பெரிய பிரிவு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் வேறு வேறு கட்டத்தில் குறிக்கப்படுவது அங்கே இயல்பு.

அதே பிரேசில்காரர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறினால் கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே கறுப்பினத்து முன்னோர் ஒருவர் இருந்தாலே கறுப்பர் என்று எண்ணும் வழக்கம் நெடுங்காலம் சட்டத்திலும் இருந்தது. அதோடு 'ஹிஸ்பானிக்' அல்லது 'லத்தீனோ' என்று ஒரு கட்டம் தனியே உண்டு. அது நிறத்தைக் குறிப்பதல்ல. ஸ்பானியப் பண்பாட்டில் வேர்கொண்டவர்களைக் குறிப்பது. 1977இல் அரசு வகுத்த விதியில் 'ஹிஸ்பானிக்' என்ற சொல் இருந்தது. 1997இல் 'லத்தீனோ' சேர்ந்தது. 2020 கணக்கெடுப்பில் 6 கோடியே 21 இலட்சம் பேர் அதற்குள் வந்தார்கள். பிரேசில் மக்கள் பேசுவது போர்த்துக்கீசியம். ஆகவே அரசு அவர்களை அதில் சேர்ப்பதில்லை. 2020இல் நடந்த வேறோர் அரசு ஆய்வில் ஏற்பட்ட குறியீட்டுப் பிழையால் ஓர் உண்மை வெளியாயிற்று. குறைந்தது 4,16,000 பிரேசிலியர், அதாவது அங்கு வாழும் பிரேசிலியரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர், தங்களை அந்தக் கட்டத்தில்தான் குறித்திருந்தார்கள். அரசு வைத்த பெயர் ஒன்று, மக்கள் தங்களை உணர்ந்த விதம் வேறு.

நாம் அன்போடு வேண்டிக்கொள்ளும் புனித மார்ட்டின் தெ போரஸ் இந்தத் துயரத்தை உடலில் சுமந்தவர். 1579இல் பெரு நாட்டு லீமா நகரில் ஸ்பானியத் தந்தைக்கும், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத் தாய்க்கும் பிறந்தார். கறுப்பு இரத்தம் கலந்தவர் துறவற வார்த்தைப்பாடு எடுக்கக் கூடாது என்ற விதி இருந்ததால், தொமினிக்கன் மடத்தில் ஆண்டுக்கணக்கில் பணியாளராகவே இருந்தார். 1603இல்தான் சகோதரராக ஏற்கப்பட்டார். 1962இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. லீமாவில் அவருடைய குறை என்று எண்ணப்பட்ட நிறம் நம் ஊரில் யார் கண்ணுக்கும் குறையாகப் படுவதில்லை.

'லத்தீன்' என்ற சொல்லே நம் அருகில் வேறொரு வேடம் போடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்தால் கேரளத்தில் 'லத்தீன் கத்தோலிக்கர்' என்பது ஒரு சமூகத்தின் பெயர். அரசின் இடஒதுக்கீட்டுப் பட்டியலிலும் அது உண்டு. மதுரைப் பக்கத்துப் பங்குகளில் நாமும் லத்தீன் வழிபாட்டு முறையினரே. ஆனால் நம்மில் யாரும் அதைச் சாதியாகச் சொல்லிக்கொள்வதில்லை.

நம் வீட்டுக் கணக்கு

இவற்றையெல்லாம் படிக்கும்போது, என்ன விசித்திரமான மனிதர்கள் என்று நமக்குச் சிரிப்பு வரலாம். சிரிக்குமுன் நம் தெருவைப் பார்ப்போம்.

நம் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் எத்தனை! 1948 குடியுரிமைச் சட்டத்தால் அங்கே அவர்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்திற்குப் பின் திரும்பி வந்தவர்களை நாம் சிலோன்காரர் என்றோம். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். 1960களில் பம்பாய்க்குப் பிழைக்கப் போன நம் இளைஞர்களை, எந்தச் சாதி என்று பாராமல், மதராசி என்ற ஒரே சொல்லால் விரட்டினார்கள். ஊரில் ஒரே கிணற்றில் நீர் எடுக்காதவர்கள் அங்கே ஒரே வசையை வாங்கினார்கள்.

அரசுத் தாளிலும் இதைக் காணலாம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் அந்தப் பட்டியலில் இடமில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திறக்கப்பட்டது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் எனக் குறிக்கப்படுகிறார்கள். அண்ணன் இந்து, தம்பி கிறிஸ்தவர் என்றால், ஒரே வீட்டில் இரண்டு சான்றிதழ். தாளில் தம்பியின் சாதி மாறிவிட்டது. தெருவில் மாறவில்லை. டீக்கடையிலும் பெண் பார்க்கும் பேச்சிலும் அண்ணனுக்கு நேர்வதுதான் தம்பிக்கும் நேர்கிறது.

வேதனையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பண்டாரசுவாமி முறை எல்லா மக்களையும் அடைய உதவியது. ஆனால் சாதிகளுக்கு இடையே இருந்த சுவரை அது தகர்க்கவில்லை. குருக்கள் உடையை மாற்றினார்கள். மக்கள் தங்கள் பிரிவினைகளோடே கோவிலுக்குள் வந்தார்கள். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயத்தில் இரு சாதியாருக்கு இடையே சுவரே எழுப்பப்பட்டது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. சுவர் போன பின்னும் கல்லறைத் தோட்டங்களில், தேர்ப் பவனி செல்லும் தெருக்களில், திருவிழா வரிக் கணக்கில் அதன் நிழல் இன்றும் விழுவதை நாம் அறிவோம்.

அருப்புக்கோட்டைச் சந்தையில் மூட்டை மூட்டையாய் வரும் மிளகாய் வத்தலைப் பாருங்கள். அதுவும் அமெரிக்கக் கண்டத்தின் செடி. போர்த்துக்கீசியக் கப்பலில் வந்தது. இன்று அது இல்லாமல் நம் வீட்டில் குழம்பு இல்லை. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதே கண்டத்திலிருந்து வந்து நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் முள்மரத்தை மட்டும் இன்னும் சீமைக்கருவேலம் என்கிறோம். எது நமது, எது அயல் என்பதைப் பிறந்த இடம் தீர்மானிப்பதில்லை. நாம் தீர்மானிக்கிறோம். செடிக்கே இப்படி என்றால், மனிதருக்கு நாம் இட்ட பெயர் எப்படி மாறாத உண்மையாகும்?

அருளானந்தர் லிஸ்பனில் கிடைத்த உயர்ந்த பெயரை விட்டு வந்தார். இங்கே காத்திருந்த தாழ்ந்த பெயரின் நிழலில் 19 ஆண்டுகள் நடந்தார். அவரை நம்மவர் ஆக்கியது பிறப்புச் சான்று அல்ல. நம்மோடு பசித்ததும், நம் மொழியில் பேசியதும், போகச் சொன்னபோதும் திரும்பி வந்ததும்தான்.

இந்தத் திருவிழா நாளில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நம் பங்கில் எந்தத் தெருவாரை இன்னும் வேறொரு பெயரால் அழைக்கிறோம்? அந்தத் தெருவில் ஒரு வீட்டிலாவது அமர்ந்து நாம் உண்டிருக்கிறோமா? அவர்கள் வீட்டு இறந்தவர் நம் வீட்டு இறந்தவரின் அருகில் உறங்க இடம் கொடுத்திருக்கிறோமா? ஓரியூர் மண்ணை வீட்டில் வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.